அறுத்த அன்றே விற்கும் நெல்

தை பிறந்ததும் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் எல்லாருடைய வாயிலும் நெல்விலையே அடிபடத் தொடங்கிவிடுகிறது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் தான் நெல் வாங்கும் உத்தரவாத விலையை அறிவித்தபோது, நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச்சம்பா 132 ரூபா என்ற மூன்று எண்களும் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டன. நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்ற நிபந்தனையைப் பற்றி எவரும் பேசவில்லை. அந்த விலைகள் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைத் தீர்மானிப்பதோ அந்த நிபந்தனைதான். வன்னிக் கமக்காரரின் துன்பத்துக்கு விலை குறைவாக அறிவிக்கப்படுவதே காரணம் என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சொல்லப்படுகிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் நெல் வாங்கிய அனுபவமுள்ளவன் என்ற முறையில் எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அறுத்த அன்றே, வயல் வரம்பிலேயே, ஈர நெல்லாக விற்றாகவேண்டிய நிலைக்குக் கமக்காரர் தள்ளப்பட்டிருக்கிறார் என்பதே மற்றப் பாதி. அந்த நிலை எப்படி உருவானது என்பதையே இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில், எல்லா நெல்லும் ஏன் ஒரே நேரத்தில் விளைகிறது என்பதைப் பார்க்கவேண்டும். வன்னிக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடுகிறது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் கட்டிமுடிக்கப்பட்ட இரணைமடுவின் கீழ் மட்டும் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன்குளம், பாவற்குளம், மன்னாரின் கட்டுக்கரைக்குளம் ஆகியவற்றின் கீழுள்ள வயல்களும், மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலங்களும் இதே மழையைப் பார்த்தே விதைக்கப்படுகின்றன. எந்தத் திகதிக்குள் விதைக்கவேண்டும், எத்தனை மாத நெல் போடவேண்டும், குளத்தின் மதகான துருசு எப்போது திறக்கப்படும், எப்போது பூட்டப்படும் என்பன மாவட்டச் செயலரின் தலைமையில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. தண்ணீரை வீணாக்காமலிருக்க இந்த ஒழுங்கு அவசியமானது. அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் மூன்று மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் விளையும் இனங்களை ஒரே சில வாரங்களுக்குள் எல்லாரும் விதைத்தால், ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குள் எல்லாரும் அறுத்தே தீரவேண்டும். சிறுபோகம் வேறு கதை. குளத்தில் மிஞ்சிய தண்ணீருக்கு ஏற்பப் பங்கு பிரித்து, குறைந்த நிலத்தில் விதைத்து, கச்சான் காற்றும் கடும் வெயிலும் அடிக்கும் காலத்தில் அறுப்பதால் அந்த நெல் பெரும்பாலும் காய்ந்தே வருகிறது. ஆகவே இங்கே சொல்லப்படுவது மாரிமழையோடு விதைக்கும் காலபோகத்தைப் பற்றியது.

காலபோக நெல் ஒரே காலத்தில் விளைவது புதிதல்ல. என் தகப்பனார் காலத்திலும் தை, மாசியில்தான் அறுத்தார்கள். தைப்பூசத்துக்குப் புதுநெல்லில் புதிர் எடுப்பதே அந்தக் கணக்கில்தான். ஆனால் அறுப்பது ஒருநாள், விற்பது வேறொருநாள் என்ற இடைவெளி அன்று இருந்தது. அரிவாளால் அறுத்த கதிரைக் கைப்பிடி கைப்பிடியாக, உப்பட்டியாக வயலில் போடுவார்கள். அது வெயிலில் வாடியபின் கட்டிச் சுமந்துவந்து மேடான இடத்தில் குவியலாக அடுக்கிச் சூடு வைப்பார்கள். கதிர்கள் உள்நோக்கியும் தாள்கள் வெளிநோக்கியும் அடுக்கப்பட்ட சூட்டின் மேல் மழை பெய்தாலும் தண்ணீர் வெளிப்புறமாக வடிந்துபோகும். ஊரில் எல்லாருடைய அறுவடையும் முடிந்தபின், வாரங்கள் கழித்து, ஆறுதலாக மாட்டை விட்டோ, பிற்காலத்தில் உழவு இயந்திரத்தை ஓட்டியோ சூடு மிதித்துத் தூற்றுவார்கள். தனியாகக் காயவைக்கும் களமோ காவலோ செலவோ இல்லாமல் நெல் சூட்டிலேயே பெருமளவு காய்ந்துவிடும். சூடே அந்த வாரங்களுக்கு நெற்களஞ்சியமாகவும் இருந்தது. மிதித்த நெல், வரிச்சுத்தடிகளால் பின்னி மண்ணும் சாணமும் பூசிய கொம்பறைக்குள் போகும். வீட்டுக்குச் சாப்பாட்டு நெல், விதைநெல், கோயிலுக்கு, கூலிக்கு என்று ஒதுக்கியதுபோக மிச்சமே விற்பனைக்கு. அதுவும் பணம் தேவைப்படும்போது, வைகாசியிலும் ஆனியிலும் பகுதி பகுதியாக.

இந்த இடைவெளியை இல்லாமற் செய்தது அறுவடை இயந்திரம். 2009இல் போர் முடிந்தபின் மக்கள் மீளக்குடியேறியபோது பல குடும்பங்களில் வயலுக்கு இறங்கக்கூடிய ஆண்களே இல்லை. கூலிக்கு ஆள் பிடிப்பதும் வரவரக் கடினமானது. அந்த வெற்றிடத்துக்குள் வெட்டுமெசின் வந்தது. வரவேண்டிய நேரத்தில்தான் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். முன்பு பத்துப்பேர் நாள்முழுக்க நின்று அறுத்து, பிறகு கட்டி, சுமந்து, மிதித்து முடித்த வேலையை அது சிறுபொழுதில் முடித்து, நெல்லை நேரே உரப்பைக்குள் கொட்டிவிடுகிறது. குனிந்து அறுத்த பெண்களின் முதுகைக் கேட்டால் இயந்திரத்தின் அருமை தெரியும். அரிவாள் காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அரிவாளைக் கையால் தொட்டறியாதவர்களே. ஆனால் உப்பட்டியும் சூடும் செய்துவந்த உலர்த்தும் வேலையை இயந்திரம் செய்வதில்லை. வெளிமாவட்டங்களிலிருந்து வரும் இயந்திரங்கள் ஒரு வெளியில் இறங்கினால் வரிசையாக வெட்டிக்கொண்டு போகும். நம்முடைய வயலில் இன்னும் நாலு நாள் வெயில் படட்டும் என்று காத்திருந்தால், இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும். பிறகு மழை வந்தால் பயிர் சாய்ந்து, வெட்டுக்கூலியும் இரட்டிப்பாகும். எனவே பச்சை சரியாக மாறாத நெல்லும் பனியில் நனைந்த நெல்லும் அறுக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் ஈரப்பதன் 20 சதவீதத்தையும் தாண்டி நிற்பது சாதாரணம்.

ஈரம் என்பது பணமாக எப்படிக் கழிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 80 கிலோவே உலர்பொருள். அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 93 கிலோ நெல் மிஞ்சும். 2025ஆம் ஆண்டின் உத்தரவாத விலையான 120 ரூபாவுக்கு அந்த 93 கிலோவும் 11,160 ரூபா பெறும். ஆகவே ஈர நெல்லை வரம்பில் வைத்தே கிலோ 111 ரூபா 60 சதத்துக்கு ஒருவர் வாங்கினால், ஈரத்துக்காக அவர் எதையும் அநியாயமாகக் கழிக்கவில்லை. காயவைக்கும் கூலியைக்கூட அவரே ஏற்றுக்கொள்கிறார். அதே நெல்லை 100 ரூபாவுக்கு வாங்கினால், 100 கிலோவுக்கு 1,160 ரூபா கமக்காரரின் கையைவிட்டுப் போகிறது. இதற்கு மேல் மூடைக்கு இத்தனை கிலோ என்று சாக்குக்கும் பதருக்கும் கழிவு வேறு வெட்டுவார்கள். கழிவு எவ்வளவு என்பதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை, ஏனென்றால் வயலில் ஈரமானி வைத்திருப்பவர் வாங்க வந்தவர் மட்டுமே. கமக்காரர் நெல்மணியைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வார். அவருடைய பல்லை யாரும் ஆதாரமாக ஏற்பதில்லை.

அப்படியானால் காயவைத்து விற்கலாமே என்று வெளிநாட்டிலிருக்கும் பேரன் கேட்டான். மாசி மாதத்தில் ஏ-9 வீதியிலும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலும் பயணம் செய்தவர்களுக்கு அதன் விடை தெரியும். தார் வீதியின் ஒரு பக்கம் நீளத்துக்கு நெல் பரப்பப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிள்களும் பேருந்துகளும் மற்றப் பக்கத்தால் விலகிப்போகும். விபத்துகள் நேர்கின்றன, பொலிஸார் எச்சரிக்கின்றனர், நெல்லோடு கல்லும் கலக்கிறது. ஆனாலும் நெல் வீதிக்கே வருகிறது, ஏனென்றால் ஏக்கர்க்கணக்கில் விளையும் நெல்லைப் பரப்பக்கூடிய சீமெந்துத்தளம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. கோயில் வீதியும் வாசிகசாலை முற்றமும் நாலைந்து குடும்பங்களுக்கே காணும். படங்கு வாங்கி விரித்தாலும், இருட்டுமுன் குவித்து மூடி, இரவில் காவலிருந்து, காலையில் மறுபடி பரப்ப இரண்டு மூன்று நாளைக்கு ஆட்கள் வேண்டும். வீட்டில் முதியவர் இருவர் மட்டும் இருந்தால் அது நடக்காது; இன்று வன்னியில் அப்படிப்பட்ட வீடுகள் குறைவல்ல.

காய்ந்த பின்னர் வைப்பதற்கும் இடம் வேண்டும். போருக்கு முன்னிருந்த கொம்பறைகளும் களஞ்சிய அறைகளும் 2008, 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளோடு அழிந்தன. மன்னாரின் வயற்கரையிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் மக்கள் நகர்ந்த பாதையில், உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றமுடிந்த நெல் போனது, ஏற்றமுடியாதது கிடந்தது. பிறகு வந்தவை வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய அரசின் உதவியில் வடக்குக் கிழக்கில் கட்டப்பட்ட ஏறத்தாழ நாற்பத்தாறாயிரம் வீடுகளில் கணிசமானவை வன்னியில் உள்ளன. 550,000 ரூபா மானியத்தில் கட்டிய வீட்டில் குடும்பம் படுத்தெழும்ப இடமுண்டு, ஐம்பது மூடை நெல்லுக்கு இடமில்லை. விறாந்தையில் அடுக்கினால் எலியும் அந்துப்பூச்சியும் தின்னும். வெளியில் வைத்தால் களவு. இட வசதியைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சேர்த்துவைத்ததை எல்லாம் ஒருமுறை விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு, நெல்லைவிடப் பணம் கையில் இருப்பதே பாதுகாப்பாகத் தோன்றுவது இயல்பு. வங்கிப் புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடலாம் அல்லவா.

ஆனால் அந்தப் பணமும் பெரும்பாலும் கைக்கு வருவதற்குமுன்பே பிறருடையதாகிவிடுகிறது. உழவு, விதைநெல், களைநாசினி, உரம், வெட்டுக்கூலி எல்லாவற்றுக்கும் ஐப்பசியிலிருந்தே செலவு, வரவோ மாசியில். நடுவிலுள்ள நான்கைந்து மாதங்களை வங்கிக் கடன், அடகுவைத்த நகை, கடைக் கணக்கு, நெல் வியாபாரியின் முற்பணம் என்பவற்றால் நிரப்புகிறார்கள். இந்தச் சுமை எப்போதும் இருந்ததுதான், ஆனால் 2021க்குப் பிறகு அதன் அளவு மாறிவிட்டது. அந்த ஆண்டு மே 6ஆம் திகதி இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலபோகப் பயிர் ஏற்கெனவே வயலில் நின்றது. மஞ்சளித்த பயிரை அந்தப் போகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தோம். 2020இல் நெற்செய்கைக்கு இலவசமாகக் கிடைத்த உரம், 2022 சிறுபோகத்தில் இந்தியக் கடனுதவியால் வந்தபோது யூரியா மூடை 10,000 ரூபா. வெளிச்சந்தையில் அதன் பல மடங்கு. டீசலுக்கும் வரிசை. அந்த ஆண்டு எடுத்த கடனைப் பல குடும்பங்கள் அடுத்தடுத்த போகங்களுக்கும் இழுத்துக்கொண்டு வந்தன. இப்போது உர மானியமாக ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, அதாவது ஏக்கருக்குப் பத்தாயிரம் அளவில், வங்கிக் கணக்குக்கு வருகிறது; வரும் திகதி பயிருக்கு உரம் போடவேண்டிய திகதியோடு ஒத்துப்போனால் அது பேருதவி. ஒத்துப்போகாதபோது வியாபாரியின் முற்பணமே உரமாகிறது. முற்பணம் தந்தவருக்கே நெல் போகும், அவர் சொன்ன விலைக்கே போகும், அறுத்த அன்றே போகும்.

அரசு இதில் என்ன செய்கிறது என்ற கேள்வி நியாயமானது. நெல்லுக்கு உத்தரவாத விலை என்பது 1940களிலேயே தொடங்கியது. 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தபின், கூட்டுறவுச் சங்கங்கள் அதன் முகவர்களாக ஊர் ஊராக நெல் வாங்கின. 1974இல் உத்தரவாத விலை புசலுக்கு, அதாவது சுமார் 21 கிலோ நெல்லுக்கு, 33 ரூபா. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவே தடையிருந்த காலம் அது. வீதிகளில் சோதனைச்சாவடி போட்டு, பையில் இரண்டு கொத்துக்கு மேலிருந்தால் பறித்தார்கள். அந்தக் கெடுபிடியை யாரும் மறுபடி விரும்பமாட்டார்கள். ஆனால் அன்று நெல் வாங்கும் நிலையம் கமக்காரருக்கு மாட்டுவண்டித் தூரத்தில் இருந்தது, கொண்டுவந்த நெல்லும் சூட்டில் காய்ந்த நெல். இந்த இரண்டும் சேர்ந்தே உத்தரவாத விலையை உண்மையான விலையாக்கின. 1990களில் அந்தச் சபை படிப்படியாகச் செயலிழந்து, 2000களின் பிற்பகுதியில் மீண்டும் உயிர்பெற்றது. இன்று அது வாங்குவது நாட்டின் மொத்த விளைச்சலில் சிறு பங்கையே. திறைசேரியிலிருந்து பணம் வந்து, களஞ்சியம் துப்புரவாக்கி, வாங்கத் தொடங்கும்போது ஈரநெல் லொறியேறிப் போயிருக்கும். 2025இலும் கிழக்கில் அறுவடை தொடங்கிய பின்னரே விலை அறிவிக்கப்பட்டது. சில போகங்களில் தனியார் அதைவிடக் கூடக் கொடுப்பதும் உண்டு. அப்போது சபையின் களஞ்சியம் வெறுமையாகக் கிடக்கும். எப்படியானாலும் விலையை நிர்ணயிப்பவர் காத்திருக்கக்கூடியவரே.

காத்திருக்கக்கூடியவர்கள் யார் என்றால், பொலன்னறுவை போன்ற இடங்களிலுள்ள பெரிய ஆலைக்காரர்கள். அவர்களிடம் உலர்த்தும் இயந்திரங்களும் களஞ்சியங்களும் உண்டு. வைத்திருக்கும் நெல்லையே பிணையாகக் காட்டி அரச வங்கியில் கடனும் பெறலாம். ஆலைக்காரருக்குக் கிடைக்கும் இந்த மூன்றும் கமக்காரருக்கு இல்லை என்பதே இருவருக்குமிடையிலுள்ள வித்தியாசம். தந்திரம், பேராசை என்பவையெல்லாம் அதற்குப் பிறகு வருபவை. மாசியில் வன்னியிலிருந்து போன நெல், கார்த்திகையில் அரிசியாக எங்கள் கடைகளுக்குத் திரும்பி வருகிறது. 2024 கடைசியில் சிவப்பரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. டிசெம்பர் 7ஆம் திகதி நாட்டரிசிக்குச் சில்லறை உச்சவிலை கிலோ 230 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு அரிசியும் வரவழைக்கப்பட்டது. ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். அந்த ஒன்றரைக் கிலோவை வரம்பில் 100 ரூபா வீதம் 150 ரூபாவுக்கு விற்கும் கமக்காரர், பத்து மாதங்களின் பின் அதிலிருந்து வரும் ஒரு கிலோ அரிசியை 230 ரூபாவுக்கு வாங்குகிறார். குற்றலும் போக்குவரத்தும் உமி, தவிடு வரவும் இடையில் இருப்பதால் வித்தியாசம் முழுவதும் இலாபமல்ல. ஆனால் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு இல்லாமல் சாப்பிட மனம் வராத ஊரில், ஏ.ரி. 362 என்ற சிவப்பு நெல்லை விதைத்தவர் வீட்டிலேயே அது தீர்ந்துபோவது சாதாரண விடயமல்ல. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக உயர்ந்தபோது எங்கள் பக்கத்தில் அமைதியாக உண்டு உறங்கியவர்கள், இரண்டு மூடையாவது வீட்டில் வைத்திருந்தவர்கள்தான்.

இதற்கான மாற்று பெரிய ஆராய்ச்சியில் இல்லை. கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றுக்கும் பல ஏக்கர் நெல்லை ஒரே நேரத்தில் பரப்பக்கூடிய சீமெந்துத்தளம் ஒன்று முதலில் வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தைவிட அது மலிவு, பழுதாகாது, மற்ற மாதங்களில் உழுந்தும் பயறும் கச்சான் கடலையும் காயவைக்கலாம். அதோடு அங்கே பொதுவான ஈரமானி ஒன்று இருந்து, கமக்காரரின் முன்னாலேயே அளந்து துண்டில் எழுதிக் கொடுத்தால், கழிவு பற்றிய பாதிச் சண்டை முடிந்துவிடும். மூன்றாவது கடினமானது. கூட்டுறவுச் சங்கம் காய்ந்த நெல்லை எடைபோட்டு ஏற்றுக்கொண்டு ரசீது கொடுக்க, அந்த ரசீதைப் பிணையாக வைத்து வங்கி கடன் கொடுக்கவேண்டும். அப்படியானால் அடகுநகை மீட்க மாசியில் பணமும் கிடைக்கும், நெல்லும் ஆடிவரை இருக்கும். இதற்குக் களஞ்சியத்தைவிட நம்பிக்கையான நிர்வாகம் அதிகம் தேவை. போர்க்காலத்தில் கணக்குப் புத்தகங்களையும் கட்டடங்களையும் இழந்த பல சங்கங்கள் இன்னும் பழைய வலுவுக்கு வரவில்லை. ஆகவே எல்லா ஊரிலும் ஒரே நாளில் இது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கணக்கு ஒழுங்காகவுள்ள இரண்டு மூன்று சங்கங்களில் தொடங்கினால் போதும்.

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. துருசுக்கு அண்மையிலுள்ள வாய்க்கால்களுக்கும் கடைசி வாய்க்கால்களுக்கும் விதைப்புத் திகதியில் பத்து நாள் வித்தியாசம் வைத்து, ஒரு பகுதிக்கு மூன்று மாத இனமும் மறுபகுதிக்கு மூன்றரை மாத இனமும் என்று வகுத்தால், ஒரு குளத்தின் கீழான அறுவடை மூன்று வாரங்களுக்குப் பதிலாக ஐந்து ஆறு வாரங்களுக்குப் பரவும். இயந்திரத்துக்கும் வீதிக்கும் லொறிக்கும் உள்ள நெருக்கடி அதனளவில் குறையும். தண்ணீர் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் சொல்வார்கள்; அது சரியான ஆட்சேபம்தான், நல்ல மழை பெய்து குளம் வான்பாயும் ஆண்டுகளில் மட்டும் இதைச் செய்யலாம். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதுவரை விதைப்புத் திகதியும் நீர் நிறுத்தும் திகதியும் கால்நடை கட்டும் திகதியும் பேசப்படுகின்றன. அறுவடை எப்போது, எந்த ஒழுங்கில் என்பது பேசப்படுவதில்லை. வரும் புரட்டாதிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அதையும் சேர்க்கும்படி மாவட்டச் செயலகத்துக்கு எழுதும் கடிதத்தை எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் தயாரித்துக்கொண்டிருக்கிறார். மற்ற வாய்க்கால்களின் அமைப்புகளும் ஒப்பமிட விரும்பினால் ஆவணி முடிவதற்குள் அவரைச் சந்திக்கலாம்.